பதில் வராத மாவட்டம்

சுகாதார அமைச்சகத்தின் பணிப் பதிவேட்டின்படி அவர் ‘கள நோய்த்தடுப்பு அலுவலர்; நோய் கண்ட இடங்களுக்கு விரைந்து செல்பவர்’. பத்தொன்பது ஆண்டுகளில் அவர் விரைந்து சென்ற அதிகபட்சத் தூரம், சன்னலில்லாத தன் அறையிலிருந்து கேன்டீன் வரை.

கப்பலில் வரும் நோயாளிகளைத் தனியே வைப்பதற்காக ஒற்றை எழுத்தரோடு பிறந்த அலுவலகம் அது. அம்மை ஒழிப்புத் துறையாக வளர்ந்து, அமைச்சகமாகப் பருத்தது. பெயர்ப்பலகை நான்கு முறை மாறியது. இந்த அறையில் மின்விசிறிகூட மாறவில்லை. மாவட்டங்கள் வாரந்தோறும் அனுப்பும் நோய்க் கணக்கை இங்கேதான் அவர் ஒரே தாளில் தொகுப்பார். அறிக்கை அனுப்பாத மாவட்டத்துக்குப் பூஜ்யம் போடுவது துறை பிறந்த நாள்முதல் வழக்கம். அதனால் அவருக்கு ‘ஜீரோ மேடம்’ என்றே பெயர்.

கணவரும் மகளும் வேறு ஊரில். பதினோரு முறை மாற்றல் கேட்டாயிற்று. ‘இவரைத் தவிர இந்த வேலை யாருக்கும் தெரியாது’ என்று பாராட்டிப் பாராட்டியே மறுத்தார்கள்.

“நீ வர்றதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேம்மா,” என்றாள் மகள் போனில். அவள் படிப்பது பன்னிரண்டாம் வகுப்பு.

காலரா ஒழிந்தது என்று அமைச்சர் அறிவிக்க இருந்ததற்கு முந்தின நாள், ஆற்றோர மாவட்டம் ஒன்றிலிருந்து மூன்றாவது வாரமாக அறிக்கை இல்லை. மேடம் பழைய கட்டுகளைப் புரட்டிப் பார்த்திருந்தார். காலரா வந்தபோதெல்லாம் முதலில் நின்றது அறிக்கைதான். எழுதவேண்டிய ஆள் நோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்திருப்பார்.

“என்ன மேடம், ஒரு கட்டம் காலியா இருக்கு? வழக்கமான முட்டையப் போடுங்க. நான் இதுல கையெழுத்துப் போட்டுடறேன்,” என்று பிரிவு அதிகாரி அவருடைய பன்னிரண்டாவது மாற்றல் மனுவைத் தட்டிக் காட்டினார்.

“அங்க எழுதற ஆளுக்கு நேரமில்லன்னு நினைக்கிறேன் சார்.”

“நினைக்கிறதுக்கு மேல்மாடில ஆள் இருக்காங்க. உங்களுக்கு ஊருக்குப் போகணுமா வேணாமா?”

“போகணும் சார்.”

மாலையில் வந்த தாளில் அதிகாரி பார்க்காமலே கையெழுத்திட்டார். மேடத்தின் தாளை யாரும் சரிபார்ப்பதில்லை, அவ்வளவு நம்பிக்கை. மேலிடம் படித்துப் பதறி, அறிவிப்பைத் தள்ளிவைத்து, மருத்துவக் குழுவை அனுப்பியது. அங்கே நாற்பத்தொரு பேர் காலராவில் படுத்திருந்தார்கள்.

அமைச்சகம் நன்றிக் கடிதம் தந்தது. இவரில்லாமல் பிரிவு இயங்காது என்று அதிலும் இருந்தது. பன்னிரண்டாவது மனு கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது.

அவர் செய்தது இதுதான்: பூஜ்யம் போடவேண்டிய கட்டத்தில் ‘அறிக்கை வரவில்லை’ என்று எழுதினார்.