மச்சாளின் கழுத்தும் பாரை மீனின் தலையும்

மலைநாட்டுப் பதுளையில் வாழ்க்கைப்பட்ட என் மச்சாள், கணவரின் தங்கை, கழுத்தில் வீக்கத்தோடு தாய்வீடு வந்திருக்கிறாள். "கடல் மீனில அயடின் இருக்கு" என்று மாமி தினமும் பாரைத் தலையை அவளுக்கே போடுகிறார். எனக்கு வால்.

பொறுக்க முடியாமல் இன்று இருவரையும் திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போனேன்.

டொக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "அயடின் குறைஞ்சாலும் வீங்கும், கூடினாலும் வீங்கும். மருந்துக் குளிசை எழுதித் தாறன், ஒழுங்காப் போடட்டும். மீன் எல்லாரும் சாப்பிடுற அளவு போதும்."

"ஓம் ஐயா" என்றார் மாமி. எனக்கு வயிறு குளிர்ந்தது.

மத்தியானம் கூப்பனுக்கு வாங்கிய அரிசிச் சோற்றோடு எல்லோருக்கும் ஒரே அளவு மீன். ஆனால் தலை மறுபடியும் மச்சாளின் சாப்பாட்டுக் கோப்பையில்!

"மாமி, டொக்டர் சொன்னதை மறந்திட்டீங்களோ?"

"இது அயடினுக்கில்ல பிள்ள. அவ என்ர மகள்."

இதற்கு எந்த டொக்டரிடம் போவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.