ஜூனில் தொடங்கிய தடைக்காலம்

காலை ஒன்பது பத்து. கணினி ஆய்வக வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே ஓடுகிற கணினிகள் ஆறு. ஒவ்வொன்றின் முன்னும் மூன்று பேர். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த வலி காலில் இன்னும் இருந்தது. திண்டிவனத்துக் கல்லூரியில் இணையத்தில் தேடுவது எப்படி என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். முதலில் வருவதை அப்படியே நம்பாதீர்கள் என்று வருடா வருடம் எழுதுவதையே அன்றும் பலகையில் எழுதிப்போட்டேன்.

அன்று மாலை நான்கு மணிக்குள் ப்ராஜெக்டில் என் கையெழுத்து வாங்காதவர்கள் தேர்வு எழுத முடியாது. மரக்காணம் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து வரும் மாணவி ஒருத்திதான் பாக்கி. மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் தாள்களை நீட்டினாள். மீன்பிடித் தடைக்காலம் பற்றி எழுதியிருந்தாள். நம் கடற்கரையில் தடை ஜூனில் தொடங்குகிறது என்று இருந்தது. அப்போது ஏப்ரல் கடைசி.

"உங்க அப்பா இப்ப எங்க?"

"ஊட்லதான் சார். விசைப்படகுல போறவரு. தடைக்காலம் இல்லீங்களா? சும்மா குந்திக்கினு அம்மாகிட்ட திட்டு வாங்கிக்கினு இருக்காரு."

"அப்புறம் ஏம்மா ஜூன்னு எழுதின?"

"நெட்ல அப்படித்தான் சார் போட்டிருந்தது."

"அப்பாவ ஜூன் வரைக்கும் கடலுக்கு அனுப்பிடுடி, சரியாப் போயிடும்" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

முதலில் வந்த பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். அது மேற்குக் கடற்கரையைப் பற்றியது; அங்கேதான் ஜூன். 'கிழக்குக் கடற்கரை' என்று சேர்த்து அவளே மறுபடி தேடினாள். அரசாணை கிடைத்தது. ஏப்ரல் 15. திருத்திய பக்கங்களைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு ஓடினாள். எங்கள் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் எல்லாம் அங்கேதான் அச்சாகி, பைண்டிங் ஆகி வரும். பழையவற்றையும் கடைக்காரர் தன் கணினியில் வைத்திருப்பார்.

மூன்றே முக்காலுக்குத் திரும்பி வந்தாள். பைண்டிங் போட்ட பிரதியில் மறுபடியும் ஜூன்.

"அந்தக் கடைக்கார அண்ணன் மாத்திட்டாரு சார். 'போன வருசம் பசங்க போட்டதுல எல்லாம் ஜூன்னுதான் இருக்கு, உன்னுதுதான் தப்பு, நானே சரி பண்ணிட்டேம்மா'ன்றாரு."

மறுபடி அச்சடிக்க நேரமில்லை. என் பேனாவை வாங்கி, ஜூனை அடித்துவிட்டு மேலே 'ஏப்ரல் 15' என்று எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

மதிப்பிட வந்த வெளித் தேர்வாளர், அடித்தல் திருத்தலுக்காக அவளுக்கு இரண்டு மதிப்பெண் குறைத்தார்.