கல்யாண வீட்டில் ஒரு பேச்சுவார்த்தை

போன தை மாதம் அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. பந்தி பரிமாறும் பெண்கள் குழுவில் நானும் ஒருத்தி. அன்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். காரணம், பெண்ணைப் பெற்றவர் ஒரு பெரிய தொழிற்சங்கத் தலைவர். மில் கூலியாக ஆரம்பித்து, போராட்டம், சிறை என்று அலைந்து, சட்டமன்றம் வரை போனவர். மணிமுத்தாற்றுக்கு மேலே தேயிலை எஸ்டேட்டில் என் அம்மா இலை பறித்த காலத்தில், அவர் மலையேறி வந்து நிர்வாகத்தோடு பேசிய பிறகுதான் பிரசவ லீவு ஒழுங்காகக் கிடைத்தது. என் தம்பி பிறந்தபோது அம்மா வீட்டில் இருந்தாள் என்றால் அது அவரால்தான். அவர் வீட்டு விசேஷத்துக்குக் கூலியே இல்லாமல் கூப்பிட்டிருந்தாலும் போயிருப்பேன்.

முதல் பந்திக்கு இலை போட்டாகிவிட்டது. அப்போது தலைவரின் மனைவி வேகமாக வந்தார். வெள்ளிக் குங்குமச் சிமிழைக் காணவில்லையாம். மணமகள் அறைக்குத் தண்ணீர் கொண்டுபோனவள் நான்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுவரோரம் இருந்த என் பையை எடுத்துத் தலைகீழாகக் கொட்டினார். மாற்றுச் சேலை, சீப்பு, பிரஷர் மாத்திரை, நைந்த உள்பாவாடை எல்லாம் நடுக்கூடத்தில் கிடந்தன. அத்தனை பேரும் பார்த்தார்கள். சிமிழ் அதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் மணமகள் அறையிலேயே பூக்கூடைக்கு அடியில் கிடைத்துவிட்டது. “கெடச்சிட்டு, கெடச்சிட்டு” என்றார்கள். அவ்வளவுதான், அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

திருடி என்ற பெயரோடு சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்த ஆட்கள் முன்னால் எப்படிப் போவது? இனி எந்த மண்டபத்தில் என்னை நம்பி உள்ளே விடுவார்கள்? கொட்டிக் கிடந்த சாமான்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா மன்னிப்புக் கேட்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்றேன். கூட வந்த பெண்களும் வாளிகளை வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். எதிரே பந்தியில் ஆட்கள் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செய்தி கேட்டுத் தலைவர் வந்தார். கோபப்படுவார் என்று பயந்தேன். மனுஷருக்கோ எங்களைப் பார்த்ததும் ஒரு தெம்பு வந்துவிட்டது! பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் முன்னால் குத்தவைத்தார்.

“கோரிக்கை என்னம்மா? பைய, நிதானமா சொல்லுங்க.”

சொன்னோம். “நியாயமான கோரிக்கை” என்று சொல்லிவிட்டு மனைவி இருந்த அறைக்குள் போனார். அப்பாடா என்றிருந்தது. திரும்பி வந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

“எதிர்த்தரப்புல மன்னிப்புன்னு சொல்ல எறங்கி வர மாட்டேங்காவ. வருத்தம்னா தெரிவிப்பாவளாம். ஒத்துக்கிடுதியளா?”

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதிர்த்தரப்பு என்று அவர் சொன்னது சொந்த மனைவியை! என் பக்கத்தில் இருந்தவள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முடியாது என்றோம். மறுபடி உள்ளே போனார், மறுபடி வந்தார். இப்போது வேலைக்குத் திரும்பினால், பந்தி முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு வருத்தம் தெரிவிப்பார்களாம். அதற்கும் முடியாது என்றோம். அவர் சலிக்கவே இல்லை. வேர்க்க விறுவிறுக்க நடந்தார்.

எனக்குத்தான் தலை சுற்றியது. இவர் எங்களுக்காகப் பேசுகிறாரா, பந்தி நடந்தால் போதும் என்று பேசுகிறாரா? எஸ்டேட்டிலும் இப்படித்தான் பேசினாரா? அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தது கேட்டதில் பாதியா, முழுசா? நன்றியும் ஆத்திரமும் சேர்ந்து என்னைக் குழப்பின. அடுத்து அவர் வந்தபோது வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

“அண்ணாச்சி, இது ஒங்க வீட்டுக் கல்யாணம்லா? நீங்க யாரு பக்கம் நிக்கிய?”

அறைக் கதவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். எத்தனையோ மேடை ஏறியவர், இந்தக் கேள்வியை வாழ்நாளில் யாருமே கேட்டதில்லை போல விழித்தார். பாவமாக இருந்தது. கேட்டிருக்க வேண்டாமோ என்றுகூட நினைத்தேன்.

அவர் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். வெளியே வந்தார். கணவரைத் தாண்டி வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்தார். என் சேலையை மடித்தார். அந்த நைந்த உள்பாவாடையையும் மடித்தார். எல்லாவற்றையும் பைக்குள் வைத்து என் கையில் கொடுத்தார்.

“தப்பு எம்மேலதான் தாயி. எல்லாரும் பாக்கத்தான் கொட்டுனேன், எல்லாரும் பாக்கவே மன்னிப்புக் கேக்குதேன்.”

அவர் கண் கலங்கியிருந்தது. நானும் அழுதுவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாளியை எடுத்தேன், மற்றவர்களும் எழுந்தார்கள். உடனே தலைவருக்கு உயிர் வந்துவிட்டது. பந்தியைப் பார்த்துக் கையை உயர்த்தி, “பேச்சுவார்த்தை சுமுகமா முடிஞ்சிட்டு!” என்றார். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அவருக்குக் கை தட்டினார்கள்.

அவர் மேல் எனக்கு இன்றைக்கும் நன்றி உண்டு, கோபமும் உண்டு. எது கூடுதல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால், உங்களுக்காக நான் பேசுகிறேன் என்று யாராவது எழுந்து போனால், இப்போதெல்லாம் நானும் கூடவே எழுந்து அந்த அறைக்குள் போய்விடுகிறேன்.