தராசு வாரம்

அம்முலுவின் பெண்குழந்தையை முதல் தடவை எடை போட்ட அன்று தூறல் விட்டபாடில்லை. தராசுத் தட்டு இரும்பு. சில்லென்று இருந்தது. ஐசக் அண்ணன் தன் தோள் துண்டை நாலாக மடித்துத் தட்டில் விரித்து, அதன்மேல் குழந்தையைப் படுக்க வைத்தார். குழந்தை துண்டை நனைத்துவிட்டது. அவர் அதைப் பிழிந்து கையில் எடுத்துக்கொண்டு, வெறும் தோளோடு நனைந்தபடி வீட்டுக்குப் போனார். அவருக்கு இருந்தது அந்த ஒரு துண்டுதான். ஆனால் நோட்டில் எழுதும்போது துண்டின் எடையைக் கழித்துத்தான் எழுதினார். அப்படிப்பட்ட மனுஷர்.

அது ஐம்பத்தெட்டாம் வருஷம். பெருநகர் கிராமத்தில் எங்கள் தெரு ஜெபக்கூடத்துக்கு மெட்ராஸிலிருந்து ஒரு தர்ம சங்கத்தார் பால் மாவு அனுப்ப ஆரம்பித்தார்கள். தினமும் காலையில் அதைக் கரைத்துக் காய்ச்சி ஊற்றுவது என் வேலை. மெலிந்த பிள்ளைகளுக்கு மட்டும்தான் பால். பாலால் பிள்ளைகள் தேறுகிறார்களா என்று சங்கத்துக்குத் தெரியவேண்டும். அதற்காக மாதத்தின் முதல் சனிக்கிழமை எல்லாரையும் எடை போட்டு எழுதி வைக்கவேண்டும். ஐசக் அண்ணன் உத்திரமேரூர் நெல் மண்டியில் பதினைந்து வருஷம் தராசு பிடித்தவர். அவரையே அந்த வேலைக்கு வைத்தார்கள். முதல் பிள்ளையை ஒன்று என்று எண்ண அவருக்கு வாய் வராது. மண்டி வழக்கப்படி 'லாபம்' என்றுதான் தொடங்குவார்.

"இன்னாண்ணா, எம்புள்ள இன்னா நெல்லு மூட்டையா?" என்று அம்முலு சிரிப்பாள்.

"மூட்டையா இருந்தா எனக்கு இன்னாம்மா கவலை" என்பார்.

அவர் கவலை வீணில்லை. ஆரம்பத்தில் சிட்டம்மாவின் பிள்ளை தேறியதும் பால் பட்டியலில் அதன் பெயரை அடித்ததோடு சரி, மற்றப் பிள்ளைகளுக்கு எட்டு மாதம் ஆகியும் நோட்டில் எடை ஏறவே இல்லை. ஒரு மாதம் கால் ராத்தல் கூடும், மறு மாதம் அரை ராத்தல் குறையும். ஜனவரியில் சங்கத்தார் வந்து பார்ப்பார்கள், பலன் இல்லையென்றால் பால் மாவை வேறு தாலுக்காவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று கடுதாசி வந்தது.

ஜெபக்கூடத்து உபதேசியார் அருள்தாஸ் அவரை ஓரமாகக் கூப்பிட்டார். "ஐசக்கு, தலைக்கு ரெண்டு ராத்தல் கூட்டி எழுதிடுப்பா. யாரு வந்து மறுபடி தூக்கிப் பாக்கப் போறாங்க?"

"தராசு காட்டறததாங்கய்யா எழுதுவேன்."

"பால் நின்னு போச்சுன்னா இந்தக் கொயந்தைங்க கதி?"

அன்றைக்கு அண்ணன் சாப்பிடவில்லை.

டிசம்பர் எடை அன்று அம்முலுவின் குழந்தை தட்டில் உட்கார்ந்ததும் துண்டின் முனையை வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்தது. பிடுங்கினால் அழுதது. அடுத்து வந்த பிள்ளையும் அப்படியே செய்தது. அண்ணன் எடைக்கல்லைக் கீழே வைத்தார்.

"அம்முலு, கொயந்தைக்கு எப்ப கஞ்சி ஊத்தின?"

அவள் குழந்தையின் வாயைத் துடைத்தாள்.

"கேக்கறன் இல்ல?"

"முந்தாநேத்து."

"ஏம்மா?"

"சிட்டம்மா புள்ள தேறிடிச்சின்னு நீதான பேர அடிச்ச? எடை ஏறினா பால் கெடையாது. அதான் தராசு வாரம் வந்தா எங்க வூட்டுங்கள்ல புள்ளைங்களுக்குக் கஞ்சிய கொறைச்சிடறோம். தேறின புள்ளைக்கு இன்னும் கொறைப்போம். தெருவே பண்ணிக்கினு கீது. உனக்குத் தெரியாதா?"

மெலிந்த பிள்ளைக்கு மட்டும் பால் என்பது சங்கத்தின் சட்டம். பெயரை அடித்தது அண்ணன் கை. அந்த வாரங்களில் பிள்ளைகள் காலி டம்ளரை நக்குவதைப் பார்த்து, பேராசை என்று நானும் அதட்டியிருக்கிறேன். கர்த்தர் என்னை மன்னிக்கவேண்டும்.

எல்லாரும் போனபிறகும் அண்ணன் தராசு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "எட்டு மாசமா பசியதான் எடை போட்டுக்கினு இருந்திருக்கேன், மார்த்தா" என்றார்.

ஜனவரியில் ஜீப்பில் சங்கத்து அதிகாரி ஒருவர் வந்தார். வாயைத் திறக்காதே என்று உபதேசியார் கண் காட்டினார். அண்ணன் நோட்டை மேஜைமேல் வைத்து, "இதுல கீறது எதுவும் உதவாதுங்க" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். அம்முலுவின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

"இத்தனை மாதம் நீ கவனிக்கவில்லையா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லீங்க" என்றார் அண்ணன். சட்டத்தின்மேல் பழி போட்டிருக்கலாம். போடவில்லை.

மார்ச்சில் கடுதாசி வந்தது. பால் நிற்காது. எடை ஏறினாலும் யார் பெயரையும் அடிக்கக் கூடாது. எடை போடும் நாளை முன்கூட்டிச் சொல்லவும் கூடாது. கடைசி வரியில், இனி எடை போட மெட்ராஸிலிருந்து பயிற்சி பெற்ற பெண் ஒருத்தி வருவாள் என்று இருந்தது. உபதேசியார் அந்த வரியை இரண்டு தரம் படித்தார். அண்ணன் எடைக்கற்களைத் துடைத்துப் பெட்டியில் வரிசையாக வைத்துக் கொடுத்தார்.

மண்டியில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது. செங்கல்பட்டு அரிசி மில்லில் மூட்டை தைக்கும் வேலை கிடைத்து, ஏப்ரலில் புறப்பட்டார். உத்திரமேரூர் பஸ் நிலையம் வரை நான் கூடப் போனேன். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. தகரப்பெட்டியை மடியில் வைத்து ஜன்னலோரம் உட்கார்ந்தவர், பஸ் கிளம்பும்போது தலையை வெளியே நீட்டினார்.

"புதுசா வர்ற பொண்ணுகிட்ட சொல்லும்மா. மொதல்ல புள்ளைங்களுக்கு வவுறு நெறைய பால் ஊத்தட்டும், அப்பறம் தூக்கட்டும். எடை கொஞ்சம் கூடத்தான் காட்டும். காட்டிட்டுப் போவட்டும்."