‘சுயவிருப்பத்துடன்’ என்ற வரிக்குக் கீழே

தடுப்பூசியைக் கட்டாயமாக்கிய அந்தச் சுற்றறிக்கையை எழுதியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. நான் தடுப்பூசிக்கு எதிரானவர்களோடு சேர்ந்துவிட்டேன் என்று நான் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸில் எனக்குத் தெரிந்த சிலரே பேசித் திரிந்தார்கள். நடந்தது வேறு.

அரசுப் பணியில் முப்பத்தாறு ஆண்டுகள் தொழில் தகராறுகளை விசாரித்து ஓய்வு பெற்றவன் நான். என் விசாரணை அறிக்கைகளில் ஒன்றுகூட மேல்முறையீட்டில் தள்ளப்பட்டதில்லை. ஓய்வுக்குப் பின் கிள்ளானில் சமையல் எண்ணெயைப் போத்தல்களில் அடைக்கும் ஆலையொன்று என்னை ஆலோசகராக அழைத்தது. வாரத்தில் இரண்டு நாள், கழுத்துப்பட்டை அணிந்து, ரயிலில் போய் வந்தேன்.

பெருந்தொற்றுக் கால நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. தடுப்பூசிச் சான்று இல்லாதவருக்கு உணவகத்தில் உட்கார இடமில்லை. அரசு ஊழியர்களுக்கு ஊசி கட்டாயமாகியிருந்தது. எங்கள் முதலாளியும் அதே வழியில் போக விரும்பினார். ‘மாத இறுதிக்குள் தடுப்பூசி கட்டாயம், மறுப்போர் பணிநீக்கம் செய்யப்படலாம்’ என்று எழுதிக் கொடுத்தேன். தயக்கமே இருக்கவில்லை. நானே முந்திக்கொண்டு போட்டுக்கொண்டவன். ஊசியின் நன்மையில் அன்றும் இன்றும் எனக்கு ஐயமில்லை. கட்டாயத்தை எதிர்த்தவர்கள் எல்லோரும் கைப்பேசி வதந்திகளுக்கு மயங்கியவர்கள் என்றே எண்ணியிருந்தேன்.

ஆலையின் பேருந்தில் கிளினிக்குக்குப் போனவர்களில் ஒரு பெண்மணி மட்டும் ஊசி போடாமல் திரும்பினார். போத்தல் மூடிகளைச் சரிபார்க்கும் பிரிவின் மேற்பார்வையாளர் அவர். பத்தொன்பது ஆண்டுப் பணி. பந்திங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். கணவர் இல்லை. கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அவருடைய அந்த வேலை ஒன்றுதான் ஆதாரம்.

மறுநாள் சிற்றுண்டிச் சாலையில் ஒருவர் குரலை உயர்த்திக் கேலி செய்தது என் மேசை வரை கேட்டது. “அக்கா ஊசிய பாத்துப் பயந்துட்டாங்க லா!”

“ரெண்டு பிள்ளையும் வயித்தக் கிழிச்சுத்தான் பெத்தேன். நீ கால்ல ஆணி குத்துனதுக்கு மூணு நாள் எம்.சி. லீவு எடுத்தவன், எனக்குச் சொல்ல வந்துட்டே” என்றார் அவர், தேநீரிலிருந்து தலை நிமிராமல்.

மேலாளர் அவர்மீது ‘ஊசி மறுப்பு’ என்று குற்றஞ்சாட்டினார். உள்விசாரணைக்கு நான் தலைவன். குற்றம் உறுதியானால் வேலை போகும்.

“ஏன் மறுத்தீர்கள்?” என்று கேட்டேன்.

“நான் மறுக்கல சார். கைய மடிச்சு விட்டுட்டுத்தான் உக்காந்திருந்தேன்.”

கிளினிக்கில் கொடுத்த ஒப்புதல் படிவத்தை மேசைமேல் வைத்தார். ‘சுயவிருப்பத்துடன், எவருடைய வற்புறுத்தலுமின்றி’ என்று அதில் அச்சிட்டிருந்தது. அந்த வரிக்குக் கீழே தம் கையெழுத்தைப் போட்டு, பக்கத்தில் ‘வேலை இடத்தின் உத்தரவுப்படி’ என்றும் எழுதியிருந்தார். அதைப் படித்த மருத்துவர், விருப்பமில்லாதவருக்கு ஊசி போட முடியாது என்று அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

“எல்லாரும் போட்ட சைன்தானே அக்கா. நீங்க மட்டும் என்ன, மகாராணியா?” என்றார் மேலாளர்.

“தம்பி, மூடியப் பாக்காம நான் பேட்ச் ஷீட்ல சைன் போட்டா விடுவீங்களா? போன வருஷம் ஒருத்தரு போட்டாரு. ‘கண்ணால் காணாததற்குக் கையெழுத்திடுவது பொய்ச்சாட்சி’ன்னு அவருக்கு மெமோ வந்துச்சு. அத போர்டுல ஒட்டுனதே நான்தான்.”

அந்த வாக்கியம் என்னுடையது. அதில் எனக்குச் சற்றுப் பெருமையும் உண்டு.

பிறகு ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து என் சுற்றறிக்கையை எடுத்து, படிவத்துக்குப் பக்கத்தில் வைத்தார். “இதுல கட்டாயம்னு இருக்கு. அதுல என் விருப்பம்னு இருக்கு. ரெண்டுல ஒன்னு பொய் சார். எது பொய்யின்னு நீங்க எழுதிக் குடுங்க. பக்கத்துல எதுவும் எழுதாம சைனும் போடுறேன், ஊசியும் போட்டுக்கிறேன்.”

தொழிற்சங்கத் தலைவர்கள் மேசையைத் தட்டிப் பேசியதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இந்த அம்மையார் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பேசினார். அதே படிவத்தில் நானும் கையெழுத்திட்டவன். ஆனால் நான் விரும்பிப் போனவன். அதனால் அது எனக்கு உண்மையாக இருந்தது. விரும்பாதவரையும் அதே வரிக்குக் கீழே என் சுற்றறிக்கை கொண்டுபோய் நிறுத்தும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவேயில்லை.

வெளியே நடைவழியில் மேலாளர் என் பக்கத்தில் வந்தார். “‘ரெஃப்யூஸ்ட்’னு ஒரே வார்த்தை போடுங்க சார், முடிஞ்சிது லா. உங்க சர்குலர் தப்புன்னு நீங்களே எழுதுவீங்களா?”

எங்கே அடித்தால் எனக்கு வலிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான்கு நாட்கள் அறிக்கையைத் தொடவில்லை. மற்றவர் பிழைகளைப் பற்றி ஆயிரம் பக்கங்கள் எழுதியவனுக்குத் தன் பிழையைப் பற்றி ஒரு வரி எழுத அத்தனை நாள் ஆயிற்று.

ஐந்தாம் நாள் எழுதினேன். ஊழியர் ஊசியை மறுக்கவில்லை. உண்மையல்லாத ஒரு வாசகத்துக்குச் சாட்சியாக இருக்கவே மறுத்தார். குற்றம் நிரூபிக்கப்படவில்லை. முரண்பாடு சுற்றறிக்கையில் உள்ளது. அதை வரைந்தவன் இதன்கீழ்க் கையெழுத்திட்டுள்ளவனே.

முதலாளி சில வாரங்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஆனால் அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு அந்த அம்மையாரை நீக்க முடியாது என்று முதலாளியின் வழக்கறிஞரே சொல்லிவிட்டார். சுற்றறிக்கையைத் திருத்தினோம். எல்லோருக்கும் வாரம் ஒருமுறை தொற்றுப் பரிசோதனை. ஊசி போட்டவர் யார், போடாதவர் யார் என்று எவரும் எவரையும் கேட்பதில்லை. ஆகவே, பின்னாளில் அவர் போட்டுக்கொண்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அறிக்கையின் நகலைப் பெற்றுக்கொள்ள அவர் என் அறைக்கு வந்தார். பெறுதல் பதிவேட்டை நகர்த்திவைத்தேன். அவர் பேனாவைத் தொடவில்லை. நின்றபடியே அறிக்கையின் மூன்று பக்கங்களையும் விரல் வைத்து வாசித்தார்.

“சார், இங்க ஒரு தப்பு. கிளினிக்குக்குப் போனது செவ்வாய் இல்ல, புதன். செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு.”

நாட்காட்டியைப் பார்த்தேன். புதன்தான். என் அறிக்கையில் நான் திருத்தியதாக நினைவிலுள்ள முதல் பிழை அது. அடித்து, மேலே எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டேன். அதையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் பதிவேட்டில் கையெழுத்திட்டார்.

“வரேன் சார். அங்க மெஷின் லைன் நிக்குது” என்று மூடிகளைப் பார்க்கப் போனார்.