பாரிஸுக்குப் பத்தரை மணி நேரம்

சென்னையிலிருந்து பாரிஸ் ஏறத்தாழ எட்டாயிரம் கிலோமீட்டர். நேரடி விமானத்தில் பத்தரை மணி நேரம். புதுச்சேரியிலிருந்து விமான நிலையம் போகும் நேரத்தைச் சேர்த்தாலும் ஒரு நாளைத் தாண்டாது. அக்காவும் அப்படித்தான் கணக்குப் போட்டாள்.

"மூணு வாரத்துல நெஞ்சைப் பொளக்கப் போறாங்களாம். அதுக்கு முன்னாடி ஒருவாட்டி உன் மூஞ்சியப் பாத்துடணும்டா. பத்து மணி நேரம்தான, கெளம்பி வா."

அவளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கல்யாணத்தில் வந்தது. எனக்கு விசா வேண்டும். பணிக்காலம் முழுக்க அடுத்தவர் மனுக்களில் குறை கண்டு திருப்பி அனுப்பியவன் நான். என் மனுவில் ஒருவனும் குறை காணக் கூடாது.

"ஓட்டல் புக் பண்ண தாள் வச்சாப் போதும் சார், மூணு நாள்ல மனுவ உள்ள அனுப்பிடலாம்" என்றார் டிராவல்ஸ்காரர்.

"நான் தங்கப்போறது எங்க அக்கா வூட்டுல. ஓட்டல்னு எப்படிய்யா எழுதுறது?"

அக்காவிடம், அவள் ஊர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், விருந்தினரை வீட்டில் தங்கவைப்பதாகச் சான்று வாங்கி அனுப்பச் சொன்னேன். அதுதான் முறை. "சரிடா" என்றாள்.

அதன் பிறகு என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. தினமும் சென்னையிலிருந்து கிளம்பும் அந்த விமானத்தைப் போனில் தொடர்ந்தேன். காலை நடையில் வைத்திக்குப்பம் படகுகளை நான் எட்டும்போது அது கருங்கடலை எட்டியிருக்கும்.

"என்னா சார், எப்பப் பாத்தாலும் போனு? ஷேர் மார்க்கெட்டா?" என்றாள் மீன் விற்கும் அம்மாள்.

"பிளேனும்மா."

"யாரு வராங்க?"

"யாரும் வரல."

"அப்ப சங்கராவாவது வாங்கிக்கினு போங்க."

சான்று வரப் பத்து நாள் ஆனது. விசா வந்தது புதன்கிழமை மாலை. அறுவை சிகிச்சை வியாழன் காலை எட்டு மணிக்கு. புதன் இரவே கிளம்பினேன். இருக்கைத் திரையில் மீதித் தூரம் குறைந்துகொண்டே வந்தது. சக்கரம் தரையைத் தொட்டபோது அங்கே மணி எட்டேகால்.

அழைத்துப்போக வந்த அக்கா மகள், காரில் ஏறியதும் சொன்னாள்.

"அந்தத் தாளுக்கு அம்மா மேரில மூணு மணி நேரம் நின்னாங்க மாமா. கூப்புடறவங்கதான் நேர்ல வரணும்னுட்டாங்க. பாதியில செவுத்தப் புடிச்சிக்கினு ஒக்காந்துட்டாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க."

நேரில் வர வேண்டும் என்ற விதி எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் எத்தனை பேருக்கு நானே அதை எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் மாலைதான் அக்கா கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டாள்.

"வந்துட்டியா? எவ்ளோ நேரம் ஆச்சு?"

"பத்தரை மணி நேரம்."

"நான் சொன்னேன்ல" என்றாள். பிறகு மூச்சு வாங்கி, "அப்பறம் ஏன்டா லேட்டு?"

"பிளேன் லேட்டு" என்றேன்.