கஸ்பாரின் இரண்டு பிளேயர்கள்

செய்தி செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. கஸ்பாரின் தங்கை மகன் போனில் பேசினான். நான்தானா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு, "கஸ்பார் மாமா தவறிட்டாவ. நேத்து சாயந்தரம் அடக்கம் முடிஞ்சிட்டு. ஒங்க நம்பர் இன்னைக்குத்தான் கெடச்சிது" என்றான். தூக்கத்திலேயே போய்விட்டானாம். காலையில் பால் கொண்டுவந்த பெண் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். அடக்கத்துக்கு யாரெல்லாம் வந்தார்கள் என்று கேட்டேன். "கொஞ்சம் பேருதான்" என்றான்.

எழுபதுகளில் தூத்துக்குடியிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் கல்யாணமோ சடங்கோ கோயில் திருவிழாவோ நடத்திய உங்களில் பலருடைய வீட்டுக்கு அவன் பாட்டுப் போட வந்திருப்பான். முகம் நினைவிருக்காது. பந்தலின் ஓரத்தில், ஆம்பிளிபயருக்குப் பின்னால், தலையைக் குனிந்து ரிக்கார்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த ஒல்லியான ஆள் அவன்.

என் அக்கா கல்யாணத்தில்தான் முதலில் பார்த்தேன். நான் அப்போது உப்புக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. அவன் வாடகைக்கு எடுத்த மைக் செட்டும் ஒற்றை ரிக்கார்டு பிளேயருமாக வந்திருந்தான். ஒரு பாட்டு முடிந்ததும் முள்ளைத் தூக்கி, தட்டை எடுத்து உறையில் போட்டு, அடுத்ததைத் தேடி வைக்க வேண்டும். அதற்குள் பந்தலே அமைதியாகிவிடும். ஒவ்வொரு தடவையும் அவன் காது சிவந்ததைக் கவனித்தேன். என்ன என்று கேட்டதற்கு, "பாட்டு ஓடும்போது ஒருத்தரும் நம்மளப் பாக்கல. நின்னா மட்டும் சனம் பூரா திரும்பிப் பாக்காவ. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றான். இரண்டு பிளேயர் வைத்துக்கொண்டால் ஒன்று முடியும்போதே மற்றதைத் தொடங்கிவிடலாம் என்பது அவனுடைய கனவு. மெட்ராஸில் அப்படிச் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தானே தவிர, பார்த்ததில்லை. அன்றைக்கே நாங்கள் கூட்டாளிகள் ஆனோம்.

அவனுக்கு மிக்கேல் என்று ஒரு அண்ணன் இருந்தார். கப்பலில் வேலை. குடும்பத்தில் ஆண்கள் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். கஸ்பார் மட்டும் போகமாட்டேன் என்று நின்றுவிட்டான். அதற்காக அப்பா அவனோடு பேசுவதை நிறுத்தியபோது மிக்கேல் பேசிக்கொண்டிருந்தார். ஒருமுறை லீவில் வந்தபோது ஜப்பானிலிருந்து ஒரு பிளேயர் கொண்டுவந்தார். வெள்ளி நிறம், கண்ணாடி மூடி, பொத்தானைத் தொட்டால் அதன் கை தானே நகர்ந்து முள்ளை வைக்கும். தெருவே வந்து பார்த்தது. ரிக்கார்டைப் போட்டதும்தான் விஷயம் தெரிந்தது. அங்கே ஓடும் கரண்டு வேறு வகை. நம் ஊர் கரண்டில் தட்டு மெதுவாகச் சுற்றியது. பாடகி ஆண் குரலில் பாடினாள். மிக்கேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கெடக்கட்டும்லே, அடுத்த தடவ சரியானதாப் பாத்துக் கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த தடவை வரவில்லை. இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே ஒரு காலையில் கப்பலில் அவரைக் காணவில்லை என்று கப்பல் கம்பெனி தெரிவித்தது. அவ்வளவுதான் தெரிந்தது. உடலும் இல்லை, கல்லறையும் இல்லை. அவர்கள் அம்மா அந்தப் பிளேயரை வெள்ளைத் துணியால் மூடி, மாதா படத்துக்குக் கீழே வைத்தார்கள்.

ஒரு வருடம் கழித்து நாங்கள் செட் வாங்கப் போனோம். நான் சீட்டு எடுத்த பணமும் அவன் சேர்த்ததும் சேர்ந்தால் ஒரு பிளேயருக்குத்தான் காணும். ரேடியோக் கடை அண்ணாச்சி எங்களுக்கு ஒரு புது மாடலைக் காட்டினார். நடுக் கம்பியில் ரிக்கார்டுகளை அடுக்கி வைத்துவிட்டால் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானே விழும். "ஒண்ணு வாங்குனாப் போதும்லா, ரெண்டு எதுக்கு?" என்றார். எனக்குச் சரியாகப் பட்டது. கஸ்பார் ஒரு ரிக்கார்டு விழுவதைக் குனிந்து பார்த்தான். ஒன்றின் மேல் ஒன்று சரிந்து உரசியது. "வேண்டாம் அண்ணாச்சி. நடுவுல தாலி கட்டுதாவன்னா இது நிக்குமா? அதுபாட்டுக்கு அடுத்ததப் போடும். அதுக்கு ஆளத் தெரியாது" என்றான்.

மூலையில் சாம்பல் நிறத்தில், மூடி கூட இல்லாத உள்ளூர்த் தயாரிப்புகள் இரண்டு இருந்தன. அவற்றைத்தான் எடுத்து வைக்கச் சொன்னான். ஒரு நாதஸ்வர ரிக்கார்டைப் போட்டு, நீண்டு நிற்கும் ஓசையில் நடுக்கம் இருக்கிறதா என்று காது கொடுத்துப் பார்த்தான். மேசையைக் கையால் தட்டினான், முள் குதிக்கவில்லை. "பந்தல்ல பிள்ளைய ஓடிக்கிட்டே இருக்கும். தட்டு கனமா இருந்தாத்தான் தாங்கும். முள்ளு இங்கனயே கெடைக்கணும், மெட்ராசுக்கு எழுதிப் போட்டுட்டு உக்காந்திருக்க முடியாது" என்று என்னிடம் சொன்னான். இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தான். அப்படி இருந்தால்தான் ஒன்று கெட்டால் மற்றதிலிருந்து கழற்றிப் போட முடியும்.

இரண்டாவதுக்கு என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் அண்ணாச்சியிடம், "ஜப்பான் பிளேயர் ஒண்ணு இருக்கு, எடுத்துக்கிடுவியளா?" என்று கேட்டுவிட்டான். மதுரையில் மோட்டார் மாற்றித் தருகிற ஆள் இருப்பதாக அண்ணாச்சி சொன்னார். கடைக்கு வெளியே அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அம்மாட்ட என்னலே சொல்லுவ?"

"அண்ணன் அத மூடி வைக்கதுக்குக் கொண்டாரல. பாட்டுப் போடுததுக்குக் கொண்டாந்தான்" என்றான்.

அம்மாவிடமும் அதையேதான் சொன்னான். அவர்கள் அழுதார்கள், திட்டினார்கள், பல நாள் அவனுக்குச் சோறு எடுத்து வைக்கவில்லை. அவன் தானே போட்டுச் சாப்பிட்டுவிட்டு எழுந்தான். வெள்ளைத் துணியை மட்டும் மடித்து அம்மாவின் பெட்டியில் வைத்ததைப் பார்த்தேன்.

அந்த இரண்டு பிளேயர்களும் வந்த பிறகு எங்களுக்கு ஓயாத வேலை. இடது பக்கம் குரல் தேய்கிறபோதே வலது பக்கத்தை மெல்ல ஏற்றுவான். பாட்டு எங்கே மாறியது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நான் இங்கே சொல்ல விரும்புவது மணப்பாடு என்ற கடற்கரை ஊரில் நடந்ததை.

ஐப்பசியில் ஒரு கல்யாணம். காலையில் கோயிலில் பூசை முடிந்து, பந்தியும் தொடங்கிவிட்டது. திடீரென்று வானம் இருட்டி மழை கொட்டியது. குன்றின் மேலிருக்கும் குருசுக் கோயில் கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. விடியுமுன் போன வள்ளங்கள் சில இன்னும் கரை திரும்பவில்லை. பந்தலிலிருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து கரைக்கு ஓடினார்கள். கோயில் மணி அடித்தார்கள். மணப்பெண்ணின் அப்பா நனைந்துகொண்டே நின்றார். பந்திக்கு வந்துவிடுவேன் என்று போன அவருடைய தம்பியும் கடலில் இருந்தார். கஸ்பார் அவரிடம் போனான்.

"மணி விட்டு விட்டுல்லா கேக்கும். காத்து அடிச்சா எந்தப் பக்கம்னு தெரியாது. பாட்டுன்னா விடாமக் கேக்கும். செட்ட மேட்டுக்குத் தூக்கிருவமா?"

ஆறேழு ஆண்கள் ஜெனரேட்டரைச் சுமந்தார்கள். மணல் மேட்டில் தார்ப்பாய்க்கு அடியில் பிளேயர்களை வைத்து, குழாய் ஸ்பீக்கர்களைக் கடலைப் பார்த்துக் கட்டினோம். பிறகு பாட்டு நிற்கவே இல்லை. கல்யாணப் பாட்டு, மாதா பாட்டு, சினிமாப் பாட்டு, கையில் அகப்பட்டதெல்லாம். மழைக்குள்ளிருந்து முதல் வள்ளம் தெரிந்தபோது கரையில் எழுந்த கூச்சலில் பாட்டே கேட்கவில்லை. "சத்தம் கேட்ட பக்கம் திருப்புனோம்" என்று அதில் வந்தவர் சொன்னார். ஒவ்வொன்றாக வந்தன. ஒன்று மட்டும் வரவில்லை. மணப்பெண்ணின் அப்பாவுடைய தம்பியின் வள்ளம்.

மழை விட்டும் கடல் மங்கலாகவே இருந்தது. கரையில் நின்ற கூட்டம் கலைந்தது. நாங்கள் இருவர் மட்டும் மேட்டில் இருந்தோம். கஸ்பாரின் விரல்கள் ஈரத்தில் ஊறி வெளுத்திருந்தன. சாப்பிட்டு வரச் சொன்னேன். தலையை ஆட்டி மறுத்தான். பொழுது சாயும் நேரத்தில் ஒரு பெண் குடையோடு மேடேறி வந்தாள்.

"இன்னும் எதுக்கு பாட்டுப் போடுதிய? அவிய பெரியதாழை ஊர்ல கரையேறிட்டாவல்லா. மத்தியானமே பஸ்ல ஆள் வந்து சொல்லிட்டாவ. வீட்ல எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊர் முழுக்கத் தெரிந்த செய்தியை எங்களிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் பிளேயரை நிறுத்தப் போனேன். கஸ்பார் என் கையை விலக்கினான்.

"பாதில நிறுத்தாத. முடியட்டும்."

"நம்மள மறந்துட்டாவலே."

"வந்துட்டாவல்லா. பின்ன என்ன?" என்றான்.

பாட்டு முடிந்தது. வயர்களைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, என் பக்கம் பார்க்காமல், "மிக்கேலு விழுந்தப்ப எவனாச்சும் ஒரு லைட்டாவது காட்டுனானோ என்னமோ" என்றான். அண்ணனின் சாவைப் பற்றி அவன் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான். நான் குழாய் ஸ்பீக்கர்களை அவிழ்க்கத் தொடங்கினேன்.

எழுபதுகள் முடியும்போது கம்பெனி என்னைக் கல்கத்தாவுக்கு மாற்றியது. என் பங்கை அவனிடமே விட்டுவிட்டுப் போனேன். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டவர்களிடம், "எல்லார் கல்யாணத்துலயும் நான் இருக்கேன்லா" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அம்மா இறந்த பிறகு அந்த வீட்டில் அவன் ஒருவன்தான்.

ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டைக்கு வந்த சில வருடங்களில் என் மனைவி இறந்தாள். வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது சொன்னார்கள். கஸ்பார் பஸ் ஏறி வந்து சுவரோரம் உட்கார்ந்தான். டம்ளர்களைக் கழுவி வைத்தான், செருப்புகளை ஒதுக்கி வைத்தான், மறுபடி வந்து உட்கார்ந்தான். பதினாறு முடியும் வரை இருந்தான். புறப்படும்போது வாசலில் நின்று சொன்னான்:

"ஏலே, வீடு சத்தமில்லாம இருக்குன்னு ரேடியோவப் போட்டு வைக்காத. ஆயுசு பூரா பாட்டுப் போட்டவன் சொல்லுதேன். அது நின்ன பொறவு இன்னும் சத்தமில்லாம இருக்கும். அப்பிடியே இருந்து பழகு."

அவனிடமிருந்து என்னிடம் இருப்பது இந்தச் சொல்தான். இதை அவன் எப்படிக் கற்றான் என்று அன்று கேட்டிருந்தால், அவன் வீட்டின் சாயங்காலங்களைப் பற்றி எனக்கு ஏதாவது தெரிந்திருக்கும். அவன் சொன்னபடியே இருந்து பார்த்தேன். அவள் இல்லாத வீட்டுக்கு ஏறக்குறைய பழகியும் விட்டேன். இப்போது கஸ்பார் இல்லாததற்கு, மறுபடியும் முதலிலிருந்து பழக வேண்டியிருக்கிறது.